காரைக்குடியிலிருந்து ஹூஸ்டன்: தூரம் எவ்வளவு, உண்மையில் எத்தனை மணி நேரம்?

கண்டனூர்க்காரன்
எல்லோருக்கும் வணக்கம். என் தங்கச்சி ஹூஸ்டனில் இருக்கிறாள். ஆவணியில் அவளுக்குப் பேறுகாலம். எங்கள் ஆத்தாவை, அதாவது அம்மாவை, ஆடிக் கடைசியில் அனுப்பிவைக்க வேண்டும். ஆத்தாவுக்கு வயது 66. சர்க்கரை உண்டு, முழங்கால் வலி உண்டு. தனியாகத்தான் போகிறார்கள். இதற்குமுன் போனதெல்லாம் திருச்சி–சிங்கப்பூர் மட்டும்தான். ஆங்கிலம் வாசிப்பார்கள், பேசக் கூச்சப்படுவார்கள்.

சென்னை–ஹூஸ்டன் தூரம் என்று தேடினால் 15,200 கி.மீ., 17 மணி நேரம் என்று வருகிறது. டிக்கெட் பார்த்தால் 23 மணியில் தொடங்கி 38 மணி வரைக்கும் காட்டுகிறது. அந்த 17 மணி எங்கிருந்து வருகிறது? துபாய் வழியா, லண்டன் வழியா, எது நல்லது? அம்மான் சிங்கப்பூர் வழியாகவே போகட்டும், அங்கே நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுவயல் டிக்கெட்காரர்
சென்னையிலிருந்து ஹூஸ்டனுக்கு நேரடி விமானமே கிடையாது தம்பி. 15,200-ஐ மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 17 வரும். அந்தப் பக்கங்கள் செய்வது அவ்வளவுதான். ஓடுபாதைக்குப் போகும் நேரம், ஏறி இறங்கும் நேரம், எதிர்காற்று, நடுவில் மாறும் நேரம், எதுவுமே அதில் இல்லை. அந்த எண்ணை வைத்துப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம்.

பூகோள வாத்தியார்
தூரக் கணக்கு சரிதான், அது எந்தப் பாதையின் தூரம் என்பதுதான் விஷயம். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

ஹூஸ்டனின் அட்சரேகை ஏறக்குறைய 30 பாகை வடக்கு. நம் ஹரித்வாரும் அதே அட்சரேகையில்தான் இருக்கிறது. சுவரில் மாட்டிய உலகப்படத்தைப் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? சென்னையிலிருந்து மேற்கே அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று கோடு போட்டால் ஹூஸ்டன் வந்துவிடும் என்று நினைப்பார். படத்தில் அதுதான் நேர்க்கோடு. ஆனால் உருண்டையில் அது சுற்றுவழி.

வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துச் சென்னையில் ஒரு முனையும் ஹூஸ்டனில் ஒரு முனையும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகவே வடக்கே ஏறும். சென்னை கிழக்கே 80 பாகையில், ஹூஸ்டன் மேற்கே 95 பாகையில். கூட்டினால் 175. இன்னும் ஐந்து பாகை இருந்தால் பூமியின் நேர் மறுபக்கத் தீர்க்கரேகையே ஆகிவிடும். அப்படிப்பட்ட இரண்டு ஊர்களுக்கு நடுவே குறுக்குவழி துருவத்தை ஒட்டித்தான் போகும். கணக்குப் போட்டால் இந்தப் பாதை வடதுருவத்திலிருந்து சுமார் 600 கி.மீ. தள்ளிக் கடக்கிறது. உத்தராகண்டம், இமயமலை, சின்ஜியாங், சைபீரியா, வடமுனைப் பனிக்கடல், கனடா, பிறகு அமெரிக்காவின் நடுப்பகுதி வழியாக டெக்சாஸ். 15,200 கி.மீ. என்பது இந்தப் பெருவட்டப் பாதையின் நீளம்.

காரணம் எளிது. நம் பக்கம் ஒரு தீர்க்கரேகைப் பாகைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறக்குறைய 110 கி.மீ. இடைவெளி. 60 பாகை வடக்கே போனால் அது 56 கி.மீ.தான். துருவத்தில் எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் சேர்ந்துவிடும். மேலே ஏறிக் கடந்தால் கடக்க வேண்டிய தூரமே குறைவு.

கோட்டையூர் மாணவன்
அருமை ஐயா. அப்படியானால் ஏன் எந்த விமானமும் அந்த வழியில் போவதில்லை?

பூகோள வாத்தியார்
போயிருக்கிறதே தம்பி. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு துருவத்தின் மேலாகவே பறந்து வந்தது. போயிங் 777, ஏறக்குறைய 17 மணி நேரம். விமானி அறையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். நம் பெண்பிள்ளைகளிடம் இதை நான் தவறாமல் சொல்வேன்.

ஆனால் ஹூஸ்டனுக்கு அந்தப் பாதையில் சில தடைகள் உண்டு. முதலாவது இமயமும் திபெத்தும். விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் விமானி உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும். கீழே நிலமே 15,000 அடியில் இருந்தால் எங்கே இறங்குவது? அதனால் அந்தப் பகுதியை முடிந்தவரை சுற்றித்தான் போவார்கள். இரண்டாவது ரஷ்ய வான்வெளி. 2022 பிப்ரவரிக்குப் பிறகு அமெரிக்க, பிரிட்டிஷ், ஐரோப்பிய ஒன்றிய விமானங்கள் அதற்குள் போவதில்லை. மூன்றாவது குளிர். ஜெட் ஏ-1 எரிபொருள் கழித்தல் 47 பாகையில் உறையத் தொடங்கும் என்பதால், துருவத்தின் மேலே எரிபொருளின் வெப்பநிலையைக் கவனித்துக்கொண்டே போக வேண்டும். தேவைப்பட்டால் உயரத்தையோ வேகத்தையோ மாற்றுவார்கள். இதையெல்லாம் மீறி நடத்தும் அளவுக்குச் சென்னை–ஹூஸ்டன் தடத்தில் தினமும் ஆள் நிரம்ப வேண்டும். விமான நிறுவனங்கள் துபாயிலும் லண்டனிலும் பல ஊர்க்காரர்களைச் சேர்த்து ஏற்றுவது அதனால்தான்.

புதுவயல் டிக்கெட்காரர்
வாத்தியார் நல்ல அடித்தளம் போட்டுவிட்டார். இப்போது நடைமுறைக்கு வருவோம்.

துபாய் வழி: சென்னை–துபாய் சுமார் 2,930 கி.மீ., துபாய்–ஹூஸ்டன் சுமார் 13,100 கி.மீ. கூட்டினால் 16,000 சொச்சம்.
லண்டன் வழி: சென்னை–லண்டன் 8,230, லண்டன்–ஹூஸ்டன் 7,760. அதுவும் 16,000.
பிராங்க்ஃபர்ட் வழி: 7,600, அப்புறம் 8,400. அதுவும் அதே 16,000.

மூன்றும் ஒரே தூரம். நேர்ப்பாதையைவிட 800 கி.மீ.தான் கூடுதல், அதாவது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஆகவே எந்த வழி குறைந்த தூரம் என்று மண்டையை உடைக்க வேண்டாம். அந்தத் தூரத்தை எப்படி இரண்டாகப் பிரிக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். துபாய் என்றால் முதலில் நாலு மணி நேரம், பிறகு ஒரே மூச்சில் 16 மணி நேரத்துக்கு மேல். லண்டன், பிராங்க்ஃபர்ட் என்றால் பத்தும் பதினொன்றுமாக ஏறக்குறைய சரிபாதி.

நான் துபாய்க்குத்தான் ஓட்டுப் போடுவேன். முதல் விமானத்தில் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள், ஆத்தாவுக்குப் பயம் தெளிந்துவிடும். இரண்டாவதில் ஏறி உட்கார்ந்தால் ஹூஸ்டனில்தான் இறக்கம்.

சிங்கப்பூர் வேண்டாம். திருச்சி–சிங்கப்பூர் 2,980 கி.மீ. அங்கிருந்து ஹூஸ்டனுக்கு நேராகப் பறந்தாலே 16,000 ஆகும், அப்படி விமானமும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவுக்கு 13,600, அங்கே மாறி உள்நாட்டு விமானத்தில் இன்னும் 2,600. மொத்தம் 19,000-ஐத் தாண்டுகிறது.

கண்டனூர்க்காரன்
அம்மானிடம் இந்த எண்ணைக் காட்டினேன். சரி என்றுவிட்டார்.

பியர்லாந்து ஆச்சி
நான் ஹூஸ்டனுக்குத் தெற்கே பியர்லாந்தில், மீனாட்சி கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். பிறந்த ஊர் நாட்டரசன்கோட்டை. என் மாமியாரும் ஆத்தாவும் இரண்டு வழியிலும் வந்திருக்கிறார்கள். டிக்கெட்காரர் அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முழங்கால் வலி உள்ளவருக்குப் பதினாறு மணி நேரம் ஒரே இருக்கை என்பது கொடுமை. ஜன்னல் ஓர இருக்கை என்றால் பக்கத்தில் இருப்பவரை எழுப்பக் கூச்சப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். கழிவறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். நம் ஊர்ப் பெரிய மனுஷிகளின் இயல்பு அது. இறங்கும்போது கால் வீங்கி, செருப்புப் போட முடியாமல் வந்து நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பாதிவழியில் இறங்கி, முகம் கழுவி, நடந்து, ஒரு காபி குடித்துவிட்டு மறுபடி ஏறுவது எவ்வளவோ மேல். லண்டனோ பிராங்க்ஃபர்ட்டோ எதுவானாலும் சரி. ஓர இருக்கை கட்டாயம்.

இன்னொன்று, மிக முக்கியம். நியூயார்க்கிலோ சிகாகோவிலோ மாறும் டிக்கெட் மலிவாக இருந்தால்கூட எடுக்காதீர்கள். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில்தான் குடிநுழைவுச் சோதனை. பொதுவாகப் பெட்டியையும் அங்கேயே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி போட வேண்டும். தனியாக வரும் பெரியவர்களுக்கு அது பெரும் பாடு. கடைசி விமானம் நேரே ஹூஸ்டனில் இறங்கட்டும். வாசலில் தங்கச்சியோ மாப்பிள்ளையோ நிற்பார்கள்.

புதுவயல் டிக்கெட்காரர்
ஆச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஐரோப்பாவில் மாறும்போது விசா விஷயத்தை முதலில் பார்த்துவிட வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்து, விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறுகிறவருக்கு பிரிட்டன், ஜெர்மனி இரண்டு நாட்டிலும் தனி டிரான்சிட் (இடைமாற்ற) விசாவிலிருந்து விலக்கு உண்டு. விதிகள் மாறக்கூடியவை என்பதால் பணம் கட்டுவதற்கு முன் தூதரகத்தின் இணையப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டியிருக்கும், அப்போது இந்த விலக்கு உதவாது.

சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேளுங்கள். கட்டணம் கிடையாது. நடக்க முடிகிறவர்களும் கேட்கலாம், ஹீத்ரோ போன்ற இடத்தில் தூரம் அதிகம். கூட வரும் பணியாளர் அடுத்த வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவார், ஆங்கிலம் பேசத் தயங்குகிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

கோட்டையூர் மருத்துவர்
ஆச்சி சொன்ன கால் வீக்கத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தாலே காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக் குழாயில் (சிரையில்) ரத்தம் உறையும் வாய்ப்பு கூடத் தொடங்குகிறது. பயணம் நீள நீள அதுவும் கூடும். வயது, உடல் எடை, முன்பு அறுவைச் சிகிச்சை செய்ததா என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். அழுத்தக் காலுறை போடலாமா என்று அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.

விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் இருக்கும். ஏறக்குறைய கொடைக்கானல் உயரம். ஈரப்பதம் மிகக் குறைவு. தொண்டை வறள்வதும் லேசான தலைவலியும் அதனால்தான்.

இன்சுலின் போடுகிறவர் என்றால் மருந்து கைப்பையில்தான் இருக்க வேண்டும், மருந்துச் சீட்டும் அதோடு. சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால் உறைந்து கெட்டுப்போகலாம். மேற்கே போகும்போது பகல் நீண்டுகொண்டே போகும். சாப்பாடு எந்த நேரத்துக்கு வரும் என்று சொல்ல முடியாது. கையில் ஒரு கடிகாரத்தை ஹூஸ்டன் போய்ச் சேரும் வரைக்கும் இந்திய நேரத்திலேயே வைத்திருக்கட்டும், மருந்து நேரம் குழம்பாது. அளவை எப்படி மாற்றுவது என்பதை நான் இங்கே எழுதுவது முறையல்ல, அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் எழுதித்தர வேண்டும்.

கண்டனூர்க்காரன்
மிக்க நன்றி டாக்டர். அப்பச்சி (அப்பா) இருந்திருந்தால் இதையெல்லாம் அவர்களே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போது ஒவ்வொன்றும் நான் கேட்டுத்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

ஒரு சந்தேகம். டிக்கெட்டில் சனிக்கிழமை அதிகாலை கிளம்பி அதே சனிக்கிழமை சாயங்காலம் சேருவதாகப் போட்டிருக்கிறது. மொத்தம் 26 மணி என்றும் இருக்கிறது. இது எப்படி?

பூகோள வாத்தியார்
ஹூஸ்டன் கோடையில் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பதினொன்றரை. மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு திருப்புவார்கள். ஆத்தா போவது ஆகஸ்டில், ஆகவே பத்தரை.

சனி காலை 4 மணிக்குக் கிளம்பினால் 26 மணி கழித்து நம்மூரில் ஞாயிறு காலை 6. அதில் பத்தரையைக் கழித்தால் ஹூஸ்டனில் சனி இரவு 7:30. ஞாயிறு 6 மணியிலிருந்து ஆறு மணி பின்னால் போனால் நள்ளிரவு, இன்னும் நாலரை போனால் சனி இரவு 7:30. விரல்விட்டுப் பார்த்தால் சரியாக வரும்.

திரும்பி வரும்போது நேரம் குறையும், கவனியுங்கள். 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமான காற்றோட்டம் உண்டு. ஜெட் ஓட்டம் என்பார்கள். குளிர்காலத்தில் அது இன்னும் பலமாக இருக்கும். 2020 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 இந்தக் காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாக வந்து சேர்ந்தது. ஹூஸ்டன்–லண்டன், ஹூஸ்டன்–துபாய் இரண்டிலும் வரும் வழியில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் அளவுக்குக் குறைவாகவே டிக்கெட்டில் போட்டிருப்பார்கள்.

கானாடுகாத்தான் பெரியவர்
படித்துக்கொண்டே வந்தேன். எங்கள் ஐயா காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போனவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுவார்கள். 1926-ல் கட்டிய ரஜூலா கப்பல் எழுபதுகளின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அப்புறம் எம்.வி. சிதம்பரம், 1985-ல் தீப்பிடிக்கும் வரைக்கும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய்ச்சேர ஒரு வாரம் ஆகும். அதற்கு முன்னால் வில்வண்டியிலும் ரயிலிலும் துறைமுகம் போய்ச் சேர வேண்டும், கப்பல் வரும் வரை அங்கே விடுதியில் காத்திருக்க வேண்டும். பயண நாள் என்றால் வீட்டுப் பட்டியக்கல்லில் இறங்கிய நாளிலிருந்துதான் எண்ணுவார்கள்.

நம் வள்ளல் அழகப்பர் விமானம் ஓட்டக் கற்றவர், ஜூபிடர் ஏர்வேஸ் என்று விமான நிறுவனமே நடத்தியவர். இரண்டாம் உலகப் போரின்போது போட்ட ஓடுபாதை எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இன்னும் கிடக்கிறது. அதில் ஒருநாள் பயணிகள் விமானம் இறங்க வேண்டும் என்பது என் ஆசை. அதுவரைக்கும் திருச்சியோ சென்னையோதான். தம்பி, வீட்டிலிருந்து வீடு வரைக்கும் கணக்குப் போட்டு ஆத்தாவிடம் சொல்லுங்கள். 23 மணி என்று சொல்லி அனுப்பினால் நடுவழியில் மனசு தளர்ந்துபோகும்.

கண்டனூர்க்காரன்
ஐயா சொன்னபடி போட்டுப் பார்த்தேன். காரில் சென்னைக்கு ஏழெட்டு மணி, விமான நிலையத்தில் மூன்று மணி, பயணம் 24 முதல் 26, ஹூஸ்டனில் குடிநுழைவும் பெட்டியும் இரண்டு மணி, வீட்டுக்கு ஒரு மணி. நாற்பது மணி நேரத்தை நெருங்குகிறது.

புதுவயல் டிக்கெட்காரர்
காரில் எட்டு மணி நேரம் குலுங்கிவிட்டு நேராக விமானம் ஏற விடாதீர்கள். இரண்டு வழி சொல்கிறேன். காரைக்குடியில் விடியற்காலை பல்லவன் ரயில் ஏறினால் மதியத்துக்குள் தாம்பரம். எழும்பூர் வரை போகவே வேண்டாம், விமான நிலையம் அங்கிருந்து பக்கம். உறவுக்காரர் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு நள்ளிரவில் கிளம்பலாம். ஐரோப்பா, வளைகுடா விமானங்கள் பெரும்பாலும் விடிவதற்குள் புறப்படுபவைதான்.

இன்னொன்று, திருச்சி. விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் ஊருக்குள் நுழைய வேண்டியதில்லை, காரைக்குடியிலிருந்து இரண்டு மணி நேரம். 2024-ல் திறந்த புது முனையம் விசாலமாக இருக்கிறது. ஆனால் திருச்சி–சென்னை தனி டிக்கெட்டாக இருந்து, அது தாமதமானால் பெரிய விமானத்தைத் தவறவிட்டது உங்கள் பாடு. அதனால் முந்தின நாளே போய்விட வேண்டும். எனக்குப் பல்லவன்தான் மனசுக்குப் படுகிறது.

பியர்லாந்து ஆச்சி
பெட்டியில் என்ன வைப்பது என்று யாரும் சொல்லவில்லையே. பேறுகாலத்துக்கு வருகிற ஆத்தா சும்மாவா வருவார்கள்! தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, பிரசவ மருந்துப் பொடி எல்லாம் கொண்டுவரலாம், கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். உப்புக்கண்டம் கூடாது. கறி எந்த உருவத்தில் இருந்தாலும் பிடுங்கிவிடுவார்கள், மறைத்தால் அபராதமும் உண்டு. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது, எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் நோய் அதன் மூலம் பரவும் என்று தடை.

துபாய் வழியாக வருவதாக இருந்தால் கசகசா ஒரு சிட்டிகைகூட இருக்கக் கூடாது. அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. நம் வீட்டு மசாலாப் பொடியில் அது அரைபட்டிருக்கும், ஆகவே ஆத்தா அரைத்த பொடியையும் விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

கண்டனூர்க்காரன்
ஆத்தாவையே உட்காரவைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். பாதிவழியில் இறங்கி நடக்கிற வழியே வேண்டும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். லண்டன் வழி, மாறுவதற்கு நாலு மணி நேரம் இருக்கிற மாதிரி ஒரு டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்தில் மாறுவது 6,000 ரூபாய் குறைவு, அது வேண்டாம் என்று நினைக்கிறேன்.

புதுவயல் டிக்கெட்காரர்
நாலு மணிதான் சரி. முதல் விமானம் ஒரு மணி தாமதமானாலும் சக்கர நாற்காலிக்குக் காத்திருந்து, பாதுகாப்புச் சோதனை முடித்துப் போய்ச்சேர நேரம் இருக்கும். இரண்டு விமானமும் ஒரே பிஎன்ஆர் (முன்பதிவு) எண்ணில் வருகிறதா, பெட்டி ஹூஸ்டன் வரைக்கும் நேராகப் போகிறதா, இந்த இரண்டையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே போட வேண்டும், நம் பக்கம் முன்னெழுத்தில்தான் எப்போதும் சிக்கல் வரும். சந்தேகம் இருந்தால் பணம் கட்டும் முன் இங்கேயே கேளுங்கள்.